பாஞ்சாலங்குறிச்சிக் காலத்தில் ஒரு காதல் கதை: புதிதாக எழுதுவோருக்கான செய்முறை விளக்கம்

திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் சரித்திரக் கதை எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே கட்டபொம்மன் குதிரையில் வந்து இறங்கிவிடுகிறார். அதன் பிறகு அவர் பேச வேண்டும். பேசினால் வீரமாகத்தான் பேச வேண்டும். கதாநாயகனும் நாயகியும் அந்தப் பேச்சைக் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கிளர்ச்சியும் காதலும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் ஒரு குறுநாவலை, இந்தச் சிக்கலில் விழாமல் எப்படிக் கட்டுவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். இதற்கு முன் ஒன்றிரண்டு சிறுகதைகள் எழுதியிருந்தால் போதும். வரலாற்றுப் பட்டம் எதுவும் தேவையில்லை.

முதற்படி: காலத்தைச் சுருக்குங்கள்

நம் பக்கத்தில் கிளர்ச்சிகளுக்குக் குறைவில்லை. 1755இல் கர்னல் ஹெரான் படையோடு வந்த நாளிலிருந்து நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் நடத்திய போர்கள் இருக்கின்றன, 1799இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்து, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது இருக்கிறது, வ.உ.சி. கைதானதையொட்டி 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் மூண்ட எழுச்சி இருக்கிறது. இவற்றில் எதையும் எடுக்கலாம். ஆனால் புதிதாக எழுதுகிறவருக்கு நான் சொல்வது 1801ஆம் ஆண்டுதான். அதற்குக் காரணம் அந்த ஆண்டின் நாட்களிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 2 அன்று, மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் விருந்துண்டு கொண்டிருந்தபோது, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து காவலை மீறித் தப்பினார்கள். ஏறத்தாழ 30 மைல் தொலைவை ஒரே இரவில் கடந்து பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கம்பெனிப் படை அங்கே போய்ப் பார்த்தபோது, இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த மண்கோட்டை மறுபடி எழுந்து நின்றது. மார்ச் மாத இறுதியில் பெரும் தாக்குதல் நடந்து, கம்பெனிப் படை பலத்த சேதத்தோடு பின்வாங்கியது. அதன் பிறகு, கர்னல் அக்னியு கூடுதல் படையோடும் பீரங்கிகளோடும் வந்து, மே 24 அன்று கோட்டையைப் பிடிக்கும்வரை, இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்தபடி வெயிலில் கிடந்தன.

அந்த ஏழெட்டு வாரம்தான் உங்கள் கதைக்கு இடம். போர் நடக்கும் நாளில் காதலுக்கு நேரமில்லை, போர் முடிந்த பிறகு காதலுக்குப் பதற்றமில்லை. அடுத்த தாக்குதல் வருமென்று எல்லோருக்கும் தெரிந்து, எப்போது என்று மட்டும் யாருக்கும் தெரியாமல் இருக்கும் காலத்தில்தான் இரண்டு பேர் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போட முடியாது. வாசகருக்கு மே 24 தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது என்ற இந்த ஒரே ஏற்பாடு உங்களுக்காகப் பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒரு தாளை எடுத்து, பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி நடுப்பகுதிவரை நாள் நாளாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடையில் சித்திரை பிறக்கும்போது ரௌத்திரி வருடம் போய்த் துன்மதி வருடம் வருகிறது; ஆங்கிலத் தேதி உங்களுக்கு மட்டும் இருக்கட்டும், பாத்திரங்கள் அதைச் சொல்லக் கூடாது.

இரண்டாம் படி: பெரிய பெயர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள்

ஊமைத்துரை உங்கள் கதையில் வரலாம். ஆனால் தூரத்தில் வரட்டும். கோட்டைச் சுவர் மேல் ஒரு கை அசைவாகவும், ஊருக்குள் ஒரு வதந்தியாகவும், இரவில் கடந்து போகும் ஒரு பல்லக்காகவும் அவர் வந்தால் போதும். பேச முடியாத ஒருவர் சைகையால் படை நடத்தினார் என்பது எழுதுகிறவருக்குக் கிடைத்த கொடை. அவருக்கு வசனம் எழுத வேண்டிய தொல்லையே இல்லை.

காதலர்களைச் சரித்திரம் பெயர் எழுதி வைக்காதவர்களிலிருந்து எடுங்கள். படை என்றால் சிப்பாய்கள் மட்டுமல்லர். அரிசி மூட்டை சுமக்கும் பொதிமாடுகளை ஓட்டுகிறவர்கள், குதிரைக்குப் புல்லறுக்கிறவர்கள், பல்லக்குத் தூக்கிகள், துபாஷிகள் என்னும் மொழிபெயர்ப்பாளர்கள், தண்ணீர் சுமப்பவர்கள் என்று ஒரு பெருங்கூட்டமே பின்னால் வரும். அவர்களில் நம் ஊர்க்காரர்கள் உண்டு. மேலும், எட்டயபுரம் பாளையம் கம்பெனிப் பக்கம் நின்றது. ஆகவே, எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து பொதிமாடு ஓட்டி வந்த இளைஞன் ஒருவனையும், கோட்டைக்குள் இருக்கும் அண்ணனுக்கு உளவு சொல்லும் பெண் ஒருத்தியையும் வைத்துக்கொள்வோம். அவனை மாடசாமி என்றும் அவளை இசக்கி என்றும் அழைப்போம், இருவரும் கற்பனைதான். சுடலை, பேச்சி, மாடத்தி, முத்தையா என்று இந்த மண்ணில் ஒட்டும் பெயர்கள் நிறைய இருக்கும்போது, புதுமை என்று எண்ணி நிலா, ஆதவன் என்று வைத்தால் முதல் வரியிலேயே வாசகர் இன்றைக்கு வந்துவிடுவார்.

தடை எங்கிருந்து வருகிறது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கம்பெனி ஒரு தடை. அதைவிட வலிய தடை சொந்தபந்தத்தில் இருக்கிறது: இசக்கிக்கு முறைமாமன் ஒருவன் இருந்து, அவனும் கோட்டைக்குள் வாளோடு நின்று, நல்லவனாகவும் இருந்தால், கதை கனமாகும். அவனைக் கெட்டவனாக்கிக் கொன்றுவிடுவது சோம்பேறித்தனம். அதே போல எட்டயபுரத்துக்காரர்கள் அத்தனை பேரையும் துரோகிகளாக எழுதாதீர்கள். பாளையத்துக்கும் பாளையத்துக்கும் எல்லைத் தகராறு வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இருந்தது, மாடு ஓட்டுகிறவன் தன் அரண்மனை சொன்ன வேலைக்கு வந்தவன்.

மூன்றாம் படி: மண்ணையும் பருவத்தையும் எழுதிப் பழகுங்கள்

கதையின் உயிர் பெரும்பாலும் இங்கேதான் போகிறது, ஆகவே இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். ஓட்டப்பிடாரம் பக்கம் போனால் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம் தெரியும். அந்த மரம் 1801இல் இந்தக் கரிசலில் கிடையாது. உங்கள் நாயகன் ஒளிவதானால் உடைமரத்துக்குப் பின்னால்தான் ஒளிய வேண்டும், நிழல் வேண்டுமென்றால் வேம்பையோ பனையையோ தேட வேண்டும். பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே தாமிரபரணியில் இன்று நாம் கடக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் வந்தது. அதற்கு முன் ஆற்றில் இறங்கியோ படகிலோதான் கடக்க வேண்டும். இதை ஒரு தடங்கலாக நினைக்காதீர்கள், ஆற்றைக் கடப்பதே ஒரு காட்சியாகும்.

தீக்குச்சி கூடாது, அது இங்கிலாந்திலேயே 1820களில்தான் வந்தது. சிக்கிமுக்கிக் கல் தட்ட வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்க வேண்டும். நெருப்பு வாங்க ஒரு பெண் ஓட்டுச்சில்லோடு தெருவில் இறங்குவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். சந்திப்புக்குக் காரணம் தேடித் திண்டாடும் எழுத்தாளருக்கு இது போதும். மண்ணெண்ணெய் விளக்கு கூடாது, ஆமணக்கெண்ணெயும் இலுப்பையெண்ணெயும் எரியட்டும். தேநீரும் காப்பியும் வேண்டாம். கம்பங்கூழும் சோளக்கஞ்சியும் கருப்பட்டியும் போதும். சாதாரணக் குடியானவப் பெண்ணுக்கு ரவிக்கை மாட்டிவிடாதீர்கள். காதில் பாம்படம் ஆடுவதை எழுதலாம்.

பருவம் உங்கள் பக்கம் இருக்கிறது. பங்குனியிலும் சித்திரையிலும் கரிசலில் பருத்தி வெடித்துக் கிடக்கும், பெண்கள் காட்டில் இருப்பார்கள். பனையில் பதநீர் இறங்கும் காலமும் அதுதான். கண்மாய்கள் வற்றி, தண்ணீர் இருக்கும் ஊருணியில் ஊராரும் படையாரும் ஒரே கரைக்கு வந்தாக வேண்டும். நிலவை மட்டும் நினைத்தபடி உதிக்க விடாதீர்கள். பழைய ஆண்டுகளின் அமாவாசை, பௌர்ணமியைக் கணித்துக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. இரவுக் காட்சி எழுதுமுன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தூரத்தைக் காதத்திலும் நேரத்தை நாழிகையிலும் சாமத்திலும் சொல்லலாம், ஆனால் பக்கத்துக்கு நாலு தடவை சொன்னால் அது படம் காட்டுவதாகிவிடும்.

நான்காம் படி: ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள்

இடம் ஊருணி, நேரம் பொழுது சாயும் வேளை. மார்ச் தாக்குதல் முடிந்து சில நாட்கள் ஆகியிருக்கின்றன. மாதிரிக்கு ஒரு துண்டு:

மாடுகள் முட்டி போட்டுத் தண்ணீரை உறிஞ்சிக் கொண்டிருந்தன. இசக்கி குடத்தைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் கையூன்றி நின்றாள்.

"சீக்கிரம் தண்ணி காட்டிட்டுப் போரும். கலங்கிப்போனா நாங்க எதைக் குடிக்க?"

"நாலு மாடுதான். இந்தா ஆச்சு."

"அரிசி எங்கிருந்து வருது? பாளையங்கோட்டையிலிருந்தா?"

"எதுக்குக் கேக்க?"

"சும்மாதான் கேட்டேன்."

மாடசாமி கயிற்றைச் சுருட்டினான். "சும்மா கேக்குற பிள்ளை, கரையில கெடக்குற பொதியை ரெண்டு தரம் எண்ணாது."

அவள் குடத்தை எடுக்கவில்லை. அவன் கூடாரம் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கடைசி மாட்டின் முதுகில் தட்டினான்.

"நாளைக்கு எட்டுப் பொதி வரும்," என்றான்.

இந்தத் துண்டில் அன்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அவள் எண்ணியதை அவன் கவனித்தான் என்பதிலிருந்தே, அவன் அவளையே பார்த்துக் கொண்டிருந்தது தெரிந்துவிடுகிறது; அவன் சொன்ன கடைசி வரி அவளுக்குக் கொடுத்த பரிசாகவும், தன் தரப்புக்குச் செய்த துரோகமாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. கிளர்ச்சிக் காலக் காதல் கதையில் ஒவ்வொரு நெருக்கத்துக்கும் இப்படி ஒரு விலை இருந்தாக வேண்டும். விலையில்லாத சந்திப்பு எத்தனை அழகாக வந்திருந்தாலும் வெட்டிவிடலாம்.

அவள் அறிமுகமில்லாத ஆடவனை "போரும்" என்று மரியாதையோடு விலக்குகிறாள். அவன் "கேக்க" என்று நீ முறையில் பேசுகிறான். பின்னால் அவள் எப்போது "நீரு" விட்டு "நீ"க்கு வருகிறாள் என்பதை ஒரே ஒரு இடத்தில், விளக்கம் எதுவும் சொல்லாமல் வையுங்கள். நெல்லை வழக்கை உரையாடலில் மட்டும் வைத்து, நடையைப் பொது எழுத்துத் தமிழில் வைத்தால் வேற்றூர் வாசகரும் தடுமாற மாட்டார்.

ஐந்தாம் படி: சான்றுகளை எப்படிக் கையாள்வது

இரண்டு வகைச் சான்றுகள் உங்களுக்குக் கிடைக்கும். ஒன்று, போரில் நேரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட இராணுவ நினைவுகளும், கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரமும். மற்றொன்று கட்டபொம்மன் கதைப்பாடல்களும் ஊர்க் கதைகளும். முதல் வகை வென்றவர்களின் கணக்கு, இரண்டாம் வகை தோற்றவர்களின் ஒப்பாரி. தேதிக்கும் மதில் உயரத்துக்கும் முன்னதை நம்புங்கள். எதற்காக ஊர் அழுதது என்பதைப் பின்னதில் தேடுங்கள்.

சில சமயம் எதிரியின் கணக்கிலேயே நமக்கான காட்சி கிடைத்துவிடும். கோட்டை விழுந்த பிறகு, போர்க்களத்தில் தன் மகனைத் தேடி வந்த ஒரு தாயிடம், சாகக் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் காயத்தோடு கிடக்கும் சாமியை, அதாவது ஊமைத்துரையை, காப்பாற்றும்படி சொன்னதையும், அவள் அவரை வீட்டுக்குத் தூக்கிப் போனதையும், தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம் வெள்ளைத் துணி போர்த்திய உடலைக் காட்டி, அம்மை கண்டு இறந்தவன் என்று பெண்கள் கூடி அழுது அவர்களை விரட்டியதையும் வெல்ஷ் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களின் கூட்டத்தில் இசக்கியை நிறுத்துங்கள். தேடி வந்தவர்களின் பின்னால் மாடசாமியை நிறுத்துங்கள். துணிக்கு அடியில் இருப்பது யாரென்று அவனுக்குத் தெரிந்தால் உங்கள் உச்சக்கட்டம் தயார்.

ஒன்று சொல்லிவிட வேண்டும்: இந்தப் போரில் நின்ற குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் இதே ஊர்களில் இருக்கிறார்கள். உண்மையில் வாழ்ந்தவருக்குக் கள்ளக் காதலோ கோழைத்தனமோ கற்பித்து எழுதாதீர்கள். கற்பனைப் பாத்திரங்களிடம் எல்லாச் சுதந்திரமும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: முடிவை முன்கூட்டியே எழுதி வையுங்கள்

கோட்டை விழும், இடிக்கப்படும். ஊமைத்துரை மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்வார். மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரிலும், ஊமைத்துரை நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்படுவார்கள். இவற்றில் எதையும் நீங்கள் மாற்ற முடியாது. மாற்றக் கூடியது இசக்கியும் மாடசாமியும் அந்த நவம்பரில் எங்கே இருக்கிறார்கள் என்பது மட்டும்தான். இருவரையும் கடைசிப் பக்கத்தில் கொன்றுவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம். அதை ஒரு முறையாவது தவிர்த்துப் பாருங்கள். அவர்களைக் கரிசலை விட்டுத் தாமிரபரணிக் கரைக்கு நடக்க வைத்து, பிசான நெல் பருவத்துக்கு நடவு நடந்துகொண்டிருக்கும் ஏதாவதோர் ஊரில், பூர்வீகம் கேட்கும் ஒருவர் முன் நிறுத்தினால், அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? அந்தப் பதிலை முதலில் எழுதி, தாளின் அடியில் ஒட்டி வைத்துக்கொண்டு, பிறகு பங்குனியில் தொடங்குங்கள்.

முதல் பிரதி முடிந்ததும், சிவப்பு மையால் மூன்றாம் படியில் சொன்னவற்றை மட்டும் ஒரு தடவை தேடித் திருத்துங்கள். உரையாடலை வாய்விட்டு வாசிப்பது அதற்கு அடுத்த வேலை.