நட்சத்திரக் கள்ளிக்கு எப்போது தண்ணீர் ஊற்றுவது?

நட்சத்திரக் கள்ளி, அதாவது அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றணும்?" என்றுதான். நாள் கணக்கை விட்டுவிட்டுச் செடியின் உடம்பைப் பாருங்கள் என்பேன்.

நன்கு வளர்ந்த செடியில் முள் இருக்காது. தட்டையான வட்டம், பெரும்பாலும் எட்டுப் பிரிவுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் வரிசையாகச் சட்டைப் பொத்தான் தைத்தாற்போல் வெள்ளைப் பஞ்சுப் பொட்டுகள். மேனியெங்கும் தெரியும் வெண்புள்ளிகள் நுண்ணிய முடிக்கற்றைகள். உதிர்ந்தால் அந்த இடத்தில் திரும்ப வராது. அதனால் தூசி என்று துணியால் துடைக்காதீர்கள். தண்ணீரையும் மண்ணில்தான் ஊற்ற வேண்டும்.

டெக்சஸின் ஸ்டார் கவுன்டி, மெக்சிகோவின் தமௌலிபாஸ், நுவேவோ லியோன் பகுதிகள்தான் இதன் சொந்த மண். அங்கே முட்புதர்களின் அரைநிழலில் வளர்கிறது. வறட்சியில் சுருங்கி மண்மட்டத்துக்கு இறங்கிவிடும். பக்கத்தில் நின்றால்கூடக் கண்ணில் படாது. உங்கள் தொட்டியிலும் இதையேதான் செய்யும். உச்சி குழிந்து, பக்கங்கள் வற்றி, விரலால் லேசாக அழுத்தினால் மெத்தென்றிருந்தால் தாகம். மண் அடிவரை காய்ந்திருக்கிறதா என்று ஒரு குச்சியைச் செருகிப் பார்த்துவிட்டு, அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். சில நாளில் பிரிவுகள் மறுபடி உப்பிவிடும்.

குளிர்காலத்திலும் இப்படித்தான் சுருங்கும், ஆனால் அது ஓய்வு. பரிதாபப்பட்டு அப்போது ஊற்றினால் வேர் அழுகும். சுருங்கியிருப்பதோடு அடிப்பாகம் பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தால் அது அழுகலேதான்; உடனே தொட்டியிலிருந்து எடுத்து, நல்ல சதை தெரியும்வரை வெட்டிக் காயவிடுங்கள்.

மண்கலவை முக்கால் பங்கு பியூமிஸ் என்ற நுரைக்கல், பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்மணிகள், பருமணல். மீதி மட்கிய உரம். வேறு கள்ளியின்மேல் ஒட்டுக்கட்டிய செடியென்றால் அடிக்கள்ளியின் தேவையைப் பார்த்து ஊற்ற வேண்டும். அது கூடுதலாகக் குடிக்கும்.

பூ மஞ்சள், தொண்டை செம்மை. தன் மகரந்தத்தை அநேகமாக ஏற்காது. விதையிலிருந்து வளர்ந்த இரண்டு செடிகள் ஒரே நாளில் பூக்கும்போது மெல்லிய தூரிகையால் மாற்றித் தடவுங்கள். விதை பளபளக்கும் பழுப்பு, தலைக்கவச வடிவம். புதுவிதையை ஈரமான கலவையின் மேலேயே தூவி, மூடிவைத்து 25 முதல் 30 டிகிரிச் சூட்டில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும்.

வாங்கும்போது ஒன்று மட்டும் தயவுசெய்து கேளுங்கள்: விதையிலிருந்து வளர்த்ததா? காட்டிலிருந்து பிடுங்கி விற்றதாலும் இது அருகிப்போயிருக்கிறது. அமெரிக்கா 1993-இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது; அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் இருக்கிறது. அடிப்பாகம் தழும்பேறி, பிரிவுகள் கோணலாக, வயதான செடியை வேர் அறுந்த நிலையில் நீட்டினால் வாங்காதீர்கள்.