சானல்கரையில் சைக்கிள்: குமரி மாவட்டம் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போகும்போது சைக்கிளையும் கொண்டுபோகலாமா என்று வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். கன்னியாகுமரி மாவட்டம் என்றால் தயங்காமல் கொண்டுபோங்கள் என்பேன். நெடுஞ்சாலைப் பக்கம் மட்டும் தலைவைக்காதீர்கள். நாகர்கோவிலில் இருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை போகும் சாலையில், கல் ஏற்றி வரும் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில் சைக்கிளுக்கு இடமே இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்ச் சாலையும் அப்படித்தான்.

நமக்கான வழி சானல்கரை. பாசனக் கால்வாயைக் குமரிக்காரர்கள் சானல் என்றுதான் சொல்வார்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனார், பத்மநாபபுரம் புத்தனார், பட்டணங்கால் என்று பல கிளைகளாகப் பிரிந்து வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கரை உண்டு. சில இடங்களில் தார் போட்டிருக்கிறார்கள், சில இடங்களில் வெறும் செம்மண்.

இந்த மாவட்டம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. மேற்கே போகப் போக ஊர்ச்சாலைகள் ஒவ்வொன்றும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். ஆனால் தண்ணீர் மேடேறாது. சானலை வெட்டியவர்கள் குன்றைச் சுற்றி வளைத்து, கண்ணுக்கே தெரியாத சரிவில் கொண்டுபோயிருக்கிறார்கள். அதன் கரையில் நீங்கள் மிதித்தால், இடப்பக்கம் மலையும் வலப்பக்கம் பள்ளத்தில் வயலும் தெரியும், மூச்சு மட்டும் வாங்காது. பத்து வயதுப் பிள்ளையும் மிதிக்கலாம், அறுபது வயதுப் பெரியப்பாவும் மிதிக்கலாம்.

போன் வரைபடத்தை முழுதாக நம்பாதீர்கள். அது கரையைக் காட்டாது, அல்லது இல்லாத பாதையைக் காட்டும். செயற்கைக்கோள் படத்தில் சானல் போகும் கோட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு, அப்புறம் டீக்கடையில் கேளுங்கள். "ரோடு இருக்கா" என்று கேட்டால் உங்களை நல்லெண்ணத்தோடு நெடுஞ்சாலைக்கே அனுப்பிவிடுவார்கள். "சானல்கரை வழியா சைக்கிள் போகுமா?" என்று கேட்க வேண்டும். ஒருமுறை மழை முடிந்த சமயம், கேட்காமலே நேராகப் போய்க்கொண்டிருந்தேன். புல்லுக்கட்டோடு எதிரே வந்த பாட்டா (தாத்தா) ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அங்கோடி போகாண்டாம் மக்களே, கரை இடிஞ்சு கெடக்கு" என்றார். நடந்துபோய்ப் பார்த்தேன். ஒரு மடைக்குப் பக்கத்தில் கரையின் பாதி சானலுக்குள் சரிந்து கிடந்தது, அதன் மேல் புல் படர்ந்து மூடியிருந்தது. இருட்டு விலகாத நேரமாக இருந்திருந்தால் நேராக உள்ளேதான் போயிருப்பேன். கரைகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. அதனால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். ஜனவரியில் விடிய ஆறரை ஆகிவிடும். பத்து மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிட்டால் வெயிலும் தெரியாது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சானல் என்பது ஊர்க்காரர்களின் குளியலறையும் கூட. படித்துறையில் பெண்கள் குளித்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருப்பார்கள். தூரத்திலேயே மணி அடித்து, பார்வையை வயல் பக்கம் வைத்துக்கொண்டு கடந்துபோங்கள். கூட்டமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. தலைக்கவசத்தில் கேமரா மாட்டியிருந்தால் அங்கே அதைக் கழற்றிவிடுங்கள்.

எந்த மாதம் போவது? பாசனத்துக்கு அணை திறப்பது வழக்கமாக ஜூன் 1, மூடுவது பிப்ரவரி 28. மார்ச் முதல் மே வரை சானல் வறண்டு கிடக்கும், வெயிலும் கொல்லும். ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டில் வந்தால் ஆனி ஆடிக் காற்றுதான் உங்களுக்கு எதிரி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அப்போது தோவாளைப் பக்கம் ஓட்டினால் காலையில் எதிர்காற்றில் மேற்கே போய்விட்டு, களைத்துத் திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை. என் கணக்கில் மிக நல்ல காலம் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. கும்பப்பூ எனும் இரண்டாம் போக நெல் பச்சையாக நின்று மெல்லப் பழுக்கும், சானல் நிறையத் தண்ணீர் ஓடும், குளங்களில் பறவை இருக்கும். மாசியில் அறுவடை தொடங்கினால் கரையெல்லாம் வைக்கோல் காயும். சங்கிலியில் சுற்றிக்கொள்ளும், அந்த இடங்களில் இறங்கிவிடுங்கள்.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தய சைக்கிள் வேண்டாம், 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் இருக்கட்டும். வெளிநாட்டு சைக்கிள்களில் இருக்கும் மெலிந்த பிரெஸ்டா வால்வுக்கு ஊர்க் கடைப் பம்பு பொருந்தாது. சிறிய அடாப்டர் ஒன்றும், ட்யூப் இரண்டும் கையோடு கொண்டுவாருங்கள். மற்றபடி பஞ்சர் ஒட்டும் கை ஊருக்கு ஊர் உண்டு. விமான நிலையம் திருவனந்தபுரம்தான் பக்கம்.

சரி, எங்கே தொடங்குவது? பிள்ளைகளோடு போனால் சுசீந்திரம். கோவிலுக்குள் ஆண்கள் சட்டையில்லாமல்தான் போக வேண்டும். சைக்கிள் காற்சட்டையோடு போகாமல் இருக்கப் பையில் ஒரு வேட்டி இருக்கட்டும். சுசீந்திரம் குளத்தில் தொடங்கி, வயலுக்கு நடுவே தேரூர் குளத்துக்குப் போங்கள். இந்தக் குளங்களுக்கு 2022இல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதி கிடைத்தது. தாமரை இலைகளுக்கு அப்பால் கூழைக்கடாக்கள் வரிசையாக மிதக்கும், மஞ்சள்மூக்கு நாரைகள் ஒற்றைக்காலில் நிற்கும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர் இந்தத் தேரூர். அவருடைய பிள்ளைப்பாட்டை வெளிநாட்டுத் தமிழ் வகுப்பில் படித்த குழந்தை, அந்த ஊர்க் குளக்கரையில் நின்று பார்க்கட்டும்.

கால் இன்னும் கேட்டால், பழையாற்றை ஒட்டிய சிறு சாலைகளில் தெற்கே மணக்குடிக்குப் போகலாம். ஆறு கடலில் சேரும் இடம் அது. உப்பளமும் காயலும் பாலமும் ஒன்றாகத் தெரியும். அங்கிருந்த பழைய பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது, இப்போது இருப்பது பிறகு கட்டியது. மணக்குடியில் இருந்து மேற்கே முட்டம், குளச்சல் போகும் கடற்கரைச் சாலையை வார நாளின் காலையில் ஓட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரை ஊர்கள் மொத்தமும் சர்ச்சுக்கு நடந்துபோகும், அந்த நேரம் சாலை அவர்களுடையது. முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளில் அலை மோதுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

மலைப்பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது திருவட்டாறு, மாத்தூர் வட்டாரம். விடியும் நேரத்தில், சானல்கரையில் இல்லாமல் ஊர்ச்சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போனால், தலையில் விளக்குக் கட்டிய பால்வெட்டுத் தொழிலாளர்கள் மரம் மரமாக நகர்ந்துகொண்டிருப்பார்கள். மரத்தில் கட்டிய கிண்ணத்தில் பால் சொட்டும். வீட்டு முற்றங்களில் துணி போலத் தொங்கும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாசனை, இந்தப் பக்கத்துக்காரர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் மறக்காதது. மாத்தூர் தொட்டிப்பாலம் 1966இல் கட்டியது. ஒரு குன்றில் இருந்து எதிர்க்குன்றுக்கு, பரளியாற்றுக்கு 115 அடி மேலே, 28 தூண்களின் மேல் பட்டணங்கால் தண்ணீர் தொட்டிக்குள் ஓடுகிறது. சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டு நடந்து போங்கள். உங்கள் தோளுக்குப் பக்கத்தில் சானல் போகிறது, காலுக்குக் கீழே தென்னைகளின் உச்சி.

அங்கிருந்து ஆற்றோடு குழித்துறை வரை இறங்கலாம். குழித்துறையில் நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பிறகு மீண்டும் சிறு சாலைகள், வாழைத் தோட்டங்கள், ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம். வழியில் மட்டி வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக் கொள்ளுங்கள். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் கிடைக்கும் சிறு கடை கண்ணில் பட்டால் நிறுத்திவிடுங்கள். மாசி, பங்குனியில் போனால் பனையடியில் அக்கானி கேட்டுப் பாருங்கள், பதநீருக்கு இங்கே அதுதான் பெயர். திரும்பி மிதிக்கத் தெம்பில்லை என்றால் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு டெம்போ பிடித்து, சைக்கிளைப் பின்னால் ஏற்றி, சாக்கை மடித்து அடியில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். கூலியை ஏற்றும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.