சோர்ந்திருக்கும் மாணவரோடு பேசத் தொடங்குவது: கொழும்புத் தமிழ்ப் பாடசாலை வகுப்பாசிரியர்களுக்கு

பிள்ளையின் மனச்சோர்வைப் புள்ளிப் பதிவில் மட்டும் தேட வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சைக்கோ உயர்தரத்துக்கோ ஆயத்தமாகும் பிள்ளைகளுள் நல்ல புள்ளிகளைப் பெற்றுக்கொண்டே உறக்கமின்றித் தவிப்பவர்களும் உண்டு. இடைவேளையில் ஒதுங்கியிருத்தல், காரணம் புலப்படாத வயிற்றுவலி, அடிக்கடி வராமை, வழக்கத்துக்கு மாறான சினம் ஆகியவை இரண்டு கிழமையளவு நீடித்தால் நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.

ஆசிரியர் ஓய்வறை அதற்கு ஏற்ற இடமன்று. பிறர் காணக்கூடிய, ஆனால் பேச்சுக் கேட்காத ஓரிடத்தில் அமர்ந்து, "என்ன பிரச்சினை?" என்று விசாரிப்பதற்குப் பதிலாக, "சில நாளாக நீர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை, கவனித்தேன்" என்பதுபோல் கண்டதைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மௌனம் நீண்டாலும் அறிவுரையால் அதை நிரப்பாதீர்கள். எங்களுக்கு மிகக் கடினமான பகுதி இதுவே. யாரிடமும் சொல்லமாட்டேன் என வாக்களிக்கவும் கூடாது. தேவையானவரிடம் மட்டும், உமக்கு அறிவித்த பின்பே சொல்வேன் என்பதே காப்பாற்றக்கூடிய வாக்கு.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தை உண்டாக்கிவிடாது. ஆம் என்றால், பிள்ளையைத் தனியே விடாமல், அதிபருக்கும் வீட்டாருக்கும் அறிவித்து, அன்றைக்கே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஏனைய வேளைகளில், பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடம் முதலில் கலந்துபேசலாம். வீட்டிலேயே துன்புறுத்தல் நடப்பதாகத் தெரிந்தால் வீட்டாரை அழைக்குமுன் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை நாடுங்கள்.

பெற்றோர் வெளிநாட்டில் இருக்க, மாமி வீட்டிலோ பாட்டியுடனோ தங்கிப் படிக்கும் பிள்ளைகள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிறார்கள். உண்மையில் பராமரிப்பவர் யாரென்று அறிந்து அவரையே அழையுங்கள். மனநல வைத்தியசாலை அமைந்துள்ள 'அங்கொடை' என்ற பெயரைக் கேட்டதும் குடும்பங்கள் அஞ்சிப் பின்வாங்குவதுண்டு; ஆகையால் சிறு பிள்ளைகளுக்குப் பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் மனநலச் சிகிச்சை கிடைக்கிறது என்பதை எடுத்துரையுங்கள். சிங்களம் சரளமாகப் பேசாத வீட்டார் எனில், நீங்கள் கவனித்தவற்றைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினால் வைத்தியரிடம் பாதி விளக்கம் தானாகவே சென்றுவிடும். இரவில் மனம் தளர்ந்தால் அழைக்கவென 1926 என்ற மனநல உதவி இலக்கத்தைப் பிள்ளையின் கொப்பியில் குறித்துக் கொடுக்கலாம்.

பிள்ளை வகுப்புக்குத் திரும்பும் நாளில் எவ்வித அறிவிப்பும் வேண்டாம். எங்கே போயிருந்தாய் எனச் சக மாணவர் கேட்டால் கூறவேண்டிய மறுமொழியை முன்னரே பிள்ளையுடன் சேர்ந்து தீர்மானித்து, தவறிய பாடங்களுள் கட்டாயமானவற்றை மட்டும் கொடுங்கள்.