புது வீட்டின் கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்றால்

முதலில் மின்சார மெயினை அணையுங்கள், போர்டு கீழேயே இருந்தால் காலை வைக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மதுரையில் பழைய கண்மாய், வாய்க்கால் ஓரம் எழுந்த வீடுகள் ஏராளம், 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். நாற்றத்தோடு தரை ஓட்டை வழியாகக் கொப்பளித்தால் சாக்கடை எதிர்த்து ஏறுகிறது, வெளியே போகும் குழாயில், தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். சுவர் ஈரமாக இருக்கிறதா? ஒரு முழம் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி 2 நாள் விடுங்கள், தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் மண்ணிலிருந்து வருகிற ஈரம், அறைப் பக்கம் என்றால் வெறும் காற்றின் ஈரம்.

உள்ளே பெயின்ட் அடித்தால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். என் வீட்டில் அடித்தது ஐப்பசி முடிவதற்குள் அப்பளம் போல உப்பி உதிர்ந்தது. வேலை வெளியேதான் இருக்கிறது: மாடித் தண்ணீர்க் குழாயைச் சுவரை விட்டுத் தள்ளி இறக்குங்கள், சுவரை ஒட்டிய மண்ணை வெளிப்பக்கமாக 10 அடிக்கு அரை அடி சரிவாக்குங்கள், மழைத் தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் விடாதீர்கள்.

அதற்கும் நிற்காவிட்டால் தாழ்வான மூலையில் குழி தோண்டி, தண்ணீர் ஏறினால் தானாக ஓடும் மிதவை சுவிட்சோடு மோட்டார் வையுங்கள். புரட்டாசியிலேயே இரண்டு வாளி ஊற்றி ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.