ஜிப் மூடிய பிறகும் பிளக்கிறதா? ரன்னரைப் பாருங்கள்

வேலைக்குத் தினமும் தூக்கிப்போகும் பையின் ஜிப், ரன்னரை இழுத்து மூட மூடப் பின்னாலேயே பிளந்துகொண்டு வந்தது. மொத்த ஜிப்பையும் மாற்றச் சொன்னார்கள். உற்றுப் பார்த்தால் பல்லெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இழுத்து இழுத்து ரன்னரின் மேல் தகடும் கீழ்த் தகடும் விலகிப்போய், இரண்டு பக்கப் பல்லையும் சேர்த்து அழுத்த அதற்குப் பிடிப்பு இல்லை. ரன்னரை ஜிப் தொடங்கும் முனைக்குக் கொண்டுபோய், அதன் பின்பக்க ஓரங்களை, முதலில் இடது அப்புறம் வலது, குறடால் மெதுவாக அழுத்தினேன். ஒரேயடியாக நசுக்காதீர்கள், வார்ப்பு உலோகம் பட்டென்று உடைந்துவிடும். கொஞ்சம் அழுத்தி, இழுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். இப்போது பல் கச்சிதமாகக் கடிக்கிறது. ஓட்டம் இறுக்கமாக இருந்தால் மெழுகுவத்தியைப் பல்லின் மேல் தேய்த்துவிடுங்கள், எண்ணெய் மட்டும் வேண்டாம், துணியில் கறை பிடிக்கும். பல் உதிர்ந்த ஜிப்புக்கு இந்த வழி உதவாது.