கழிமுகச் சீரமைப்பு: கணிப்பு தப்பும் இடங்கள்

மணல் அடைத்த முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் கழிமுகம் (ஆறு கடலில் கலக்கும் இடம்) தேறிவிடும் என்பதுதான் அடிக்கடி தப்பும் கணிப்பு. சென்னையில் அடையாறு, கூவம் இரண்டின் வாயிலும் பொக்லைன் வைத்து மணல் எடுக்கிறார்கள். மணல் திரும்ப வந்து அடைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் அலை கரையோர மணலை வடக்கே தள்ளும், வடகிழக்கில் தெற்கே. ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். (துறைமுகச் சுவர் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரத்தைக் கடல் அரித்ததும் இதனால்தான்.) வெள்ளம் வராத மாதங்களில் அந்த மணலை வெளியே தள்ள ஓத நீரை (கடல்மட்டம் ஏறி இறங்கும்போது உள்ளே வந்து போகும் நீர்) விட்டால் வேறு ஆளில்லை.

ஆகவே எவ்வளவு மணல் எடுக்கிறோம் என்பதைவிட, ஓதத்தில் எவ்வளவு நீர் உள்ளே வந்து போகிறது என்பதைக் கணக்கிடுங்கள். 50 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, உள்ளே ஓத ஏற்ற இறக்கம் 0.8 மீட்டர் என்றால் 4 லட்சம் கன மீட்டர். அது அமாவாசை, பௌர்ணமிக் கணக்கு. அஷ்டமியை ஒட்டி ஏற்ற இறக்கம் 0.4 ஆகிவிட்டால் 2 லட்சம்தான். வாய் அடைபடத் தொடங்குவது அப்போதுதான், கணிப்பும் அதை வைத்தே இருக்க வேண்டும். துறைமுக ஓத அட்டவணையை அப்படியே உள்ளே பொருத்துவதும் தவறு. வாய் குறுகினால் உள்ளே ஓதம் படுத்துவிடும். உள்ளே அளவுகோல் நட்டு, குறைந்தது 15 நாள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டம் எடுங்கள்.

ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2000 செப்டம்பரில் புது முகத்துவாரம் வெட்டியதும் உப்புத்தன்மையும் மீன்வரத்தும் கூடின என்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு அது. சாக்கடை நீர் ஓடும் ஒரு நகரத்து ஆற்றுக்கு அதைப் பொருத்துவது நியாயமில்லை.

கண்டல் (அலையாத்தி மரம்) நடுவதில் கன்று எண்ணிக்கையைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், தரைமட்டத்தை யாரும் எழுதுவதில்லை. ஓத அட்டவணைக்குப் பூஜ்யம் துறைமுக வரைபட மட்டம், அதாவது கடல் மிகத் தாழும்போது உள்ள மட்டத்தை ஒட்டியது. சர்வேயரின் லெவலுக்குப் பூஜ்யம் சராசரிக் கடல்மட்டம். சென்னையில் இரண்டுக்கும் அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். அட்டவணையில் 0.9 என்று பார்த்து, சர்வே லெவல் 0.9-இல் நட்டால் உயர் ஓதம்கூட அங்கே எட்டாது, கன்று காயும்.

பள்ளத்தில் நட்டாலும் ஆபத்துதான். பிச்சாவரத்தில் காட்டை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் காய்ந்து அமுங்கித் தொட்டிபோல் ஆனது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேறாமல் ஆவியாகி, உப்பு ஏறியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதம் வந்துபோக வழி செய்து, அதன்பிறகே கன்று நட்டது. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நீரின் தரத்தில் ஏமாற்றுவது அளக்கும் நேரம். பாசி நிறைந்த ஆற்றில் பிற்பகல் 2 மணிக்குக் கரைந்த ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும்; மீன் செத்து மிதப்பது விடியலுக்கு முன். அளவை அதிகாலை 5 மணிக்கு எடுங்கள். வெள்ளம் ஓடும் நவம்பரோடு உப்பேறிய மே மாதத்தை ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திட்டத்தின் கணக்கில் எழுதுவதும் சகஜம். மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். கை வைக்காத இன்னொரு கழிமுகத்திலும் அதே நாளில் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல மழை பெய்த ஆண்டின் புண்ணியம் திட்டத்துக்குப் போய்விடும்.

கணிப்பை ஒற்றை எண்ணாகவும் தராதீர்கள். 'வெட்டிய வாய் 6 முதல் 14 வாரம் திறந்திருக்கும்' என்பதுபோல் வரம்பு போட்டு எழுதி, அடைபட்ட தேதியைப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.