குரோமோசோம் இடமாற்றம்: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960இல் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் கொண்டவர்களின் செல்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். அவர்கள் பணியாற்றிய நகரின் பெயரால் அது பிலடெல்பியா குரோமோசோம் எனப்பட்டது. 9ஆம் 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டதால் அது உருவானது என்பதை 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். இவ்விடமாற்றத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் முதலில் இடறும் இடம், 'முறிந்த டிஎன்ஏயின் பழுதுபார்ப்பு நடக்காததால் இது நேர்கிறது' என்ற வரிதான்.

உண்மை ஏறத்தாழ நேர்மாறானது. டிஎன்ஏயின் இரு இழைகளும் முறிந்து, முனைகள் இணைக்கப்படாமலே கிடந்தால் செல் பெரும்பாலும் பிரிவதை நிறுத்திவிடும் அல்லது இறந்துவிடும். இடமாற்றம் ஏற்பட, இரு குரோமோசோம்களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் முறிவு நேர்ந்து, அவற்றின் முனைகள் துணை மாறி இணைய வேண்டும். முனை இணைப்பு எனப்படும் வழியில் கு என்னும் புரதம் முனைகளைப் பற்றிக்கொள்ள, லைகேஸ் 4 நொதி அவற்றை ஒட்டுகிறது. அந்த முனை எந்தக் குரோமோசோமுக்கு உரியது என்று சரிபார்க்கும் ஏற்பாடு அந்த ஒட்டலில் இல்லை. வேலை நடந்திருக்கிறது, துணைதான் மாறிவிட்டது.

இதைச் சொன்னதும் எதிர்த்திசையில் மிகைப்படுத்துவதும் கூடாது. முறிவைக் கண்டறிந்து எச்சரிக்கும் ஏடிஎம் புரதம் குறைபட்ட நோயாளிகளின் நோயெதிர்ப்புச் செல்களான டி செல்களில் 7, 14ஆம் குரோமோசோம்களை உள்ளடக்கிய இடமாற்றங்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஆகவே பழுதுபார்ப்பின் குறையும் இடமாற்றத்தைப் பெருக்கக்கூடும்.

எலியில் கண்டதை மனிதர்மேல் ஏற்றுவது நுட்பமான தவறு. எலிச் செல்களில் கு அல்லது லைகேஸ் 4 இல்லாதபோது இடமாற்றம் கூடியதால், அவற்றின் உதவியின்றி முனைகளை ஒட்டும் 'மாற்று முனை இணைப்பு' என்ற வழிதான் குற்றவாளி என்று பலர் எழுதினர். ஆனால், 2014இல் வெளியான மனிதச் செல் ஆய்வில் லைகேஸ் 4 நீக்கப்பட்டபோது இடமாற்றம் குறைந்தது. எந்த உயிரியின் செல் என்று சொல்லாமல் பொதுமைப்படுத்துவது வாசகரை ஏமாற்றுவதற்குச் சமம் என்றே கருதுகிறேன்.

முறிவுகள் எங்கு வேண்டுமானாலும் நேர்கின்றன என்பதும் அரைகுறை உண்மையே. எதிர்ப்பொருள் மரபணுக்களை வெட்டி அடுக்கும் ராக் நொதியும், அவற்றை மேலும் மாற்றும் ஏஐடி நொதியும், எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்களில் இயல்பாகவே முறிவுகளை உண்டாக்குகின்றன. பி செல்களில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோயான பர்கிட் லிம்போமாவில், செல் பெருக்கத்தைத் தூண்டும் 8ஆம் குரோமோசோமின் மிக் மரபணு 14ஆம் குரோமோசோமின் எதிர்ப்பொருள் மரபணுவருகே வந்து சேர்வதற்கு இத்தகைய முறிவே வாய்ப்பளிக்கிறது. டிஎன்ஏயின் முறுக்கைத் தளர்த்தும் டோப்போஐசோமரேஸ் 2 நொதியைத் தடுக்கும் எடோபோசைடு போன்ற புற்றுநோய் மருந்துகளும் முறிவுகளை உண்டாக்குகின்றன. அம்மருந்து பெற்ற சிலருக்குப் பின்னாளில் 11ஆம் குரோமோசோமின் இடமாற்றத்துடன் கூடிய இரத்தப் புற்றுநோய் வருவது அறியப்பட்டதே.

அதிகம் அச்சமூட்டும் தவறு, 'இடமாற்றம் தெரிந்தால் புற்றுநோய் உறுதி' என்பது. நுண்மையான சோதனையில், உடல்நலத்துடன் இருக்கும் பெரியவர்கள் பலரின் இரத்தத்திலும் சிலவகை லிம்போமாவில் காணப்படும், 14ஆம் 18ஆம் குரோமோசோம்களுக்கு இடையிலான இடமாற்றம் கொண்ட சில செல்கள் தென்படுகின்றன. அவர்களில் பெரும்பாலோருக்கு லிம்போமா வருவதில்லை. நோயாளியிடம் நாம் காண்பது, உருவான இடமாற்றங்களில் செல் பெருகுவதற்கு வசதி தந்து நிலைத்தவற்றை மட்டுமே. அவை பெரும்பாலும் பிறந்தபின் உடற்செல்லில் உண்டானவை, பிள்ளைகளுக்குச் செல்வதில்லை.

2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் என்னும் மருந்து, அறுந்த குரோமோசோமைச் சரிசெய்கிறது என்று எழுதுவதும் பிழை. பிலடெல்பியா குரோமோசோமில் இரு மரபணுக்கள் ஒட்டிக்கொண்ட பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) இணைப்பால் உருவான நொதியின் செயலை மட்டுமே அம்மருந்து தடுக்கிறது. எஞ்சியிருக்கும் ஒவ்வொரு நோய்ச்செல்லிலும் அந்த ஒட்டு அப்படியே இருக்கிறது.